நாற்காலிக்கு அடியில் தண்ணீர்

பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கம் தாண்டி, கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே நிற்கும் இன்னொரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில், ஓர் ஆடி மாதத்துத் திங்கட்கிழமை காலையில் குமரகுருபரனின் நாற்காலிக்கு அடியில் தண்ணீர் வந்தது. மேலிருந்து சொட்டவில்லை, பக்கத்திலிருந்து ஒழுகவில்லை. நாற்காலியைச் சுற்றி ஒரு சின்னக் கோலம் போடுகிற அளவு இடத்தில் கணுக்கால் வரைக்கும் தெளிந்த தண்ணீர் கரை கட்டிவிட்டதுபோல் நின்றது, அதற்கு அந்தப் பக்கம் கம்பளம் காய்ந்து கிடந்தது. ஏசிக்காரர் கூரைப் பலகையைத் திறந்து பார்த்துவிட்டு என் மேல் தப்பில்லை என்றார். குழாய்க்காரர் வந்து, இந்த மாடியில் இந்தப் பக்கம் குழாயே கிடையாது என்றார். கட்டடம் நிற்கிற இடம் முன்னே சதுப்பு நிலம், அது தன் இடத்தைத் தேடி வந்திருக்கும் என்று காவலாளி ஒருவர் சொன்னார். அது கேட்க நன்றாக இருந்ததால் எல்லோரும் அதையே காரணமாக வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். குமரகுருபரனும் காலுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பேண்ட்டை மடித்துவிட்டுப் பதினொரு மணி மீட்டிங்குக்குத் தயாரானார்.

அவருக்குத் துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தது அடுத்த வரிசையில் இருந்த ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி, நாற்பதைத் தாண்டியவள், சாப்பாட்டுக் கூடையை மூடும் துண்டை எடுத்து நீட்டும்போதே நமக்கு வராமல் இருக்கவேண்டுமே மாதாவே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டவள். மாதா அந்த வேண்டுதலை ஒரு மாதம் வரைக்கும் காப்பாற்றினாள்.

அந்த ஒரு மாதத்துக்குள் இன்னும் பலருக்குத் தண்ணீர் வந்துவிட்டது, வந்தவர்கள் யார் யார் என்று பார்த்ததில் விஷயம் மாடிக்கே புரிந்துபோனது. யார் புரோகிராம் எழுதுகிற கணினி மொழிக்கு வயசாகிறதோ அவர் காலடியில் தண்ணீர் ஊறும். அந்த மொழியைக் கேட்டு வருகிற ஆட்கள் குறையக் குறையத் தண்ணீர் ஏறும். ஏறி மேசை விளிம்பைத் தொட்டால் விசைப்பலகை நனையும், விசைப்பலகை நனைந்தவரைக் கம்பெனி ஒரு கேக் வெட்டி, நல்ல வார்த்தை நாலு சொல்லி, வழியனுப்பி வைத்துவிடும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டாலோ, மறுநாள் காலையில் வந்து பார்க்கும்போது தண்ணீர் வடிந்து தரை காய்ந்திருக்கும். இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது, முன்பும் இப்படித்தானே இருந்தது, இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான் என்று சொன்னார் குமரகுருபரன். சொன்ன வாரத்திலேயே அவருக்குக் கேக் வெட்டினார்கள்.

மனிதர்கள் எதற்குத்தான் பழகிக்கொள்ள மாட்டார்கள்? மின்சாரப் பலகைகளை எல்லாம் மேசைக்கு மேலே கட்டினார்கள். நனைந்த ஊழியரின் தண்ணீர் அவருடைய சொந்த விஷயம், அதை யாரும் படம் பிடிக்கக் கூடாது என்று மனிதவளத் துறையிலிருந்து கண்டிப்பான மின்னஞ்சல் வந்தது. கொசு ஒழிப்புக்காரர்கள் வந்து, தேங்கின தண்ணீருக்கு அபராதம் போடலாமா என்று யோசித்து, கட்டடத்துக்கா ஆளுக்கா என்று முடிவுக்கு வர முடியாமல், ஆளுக்கு ஒரு கை கொசுப்புழு தின்கிற சின்ன மீன்களை விட்டுவிட்டுப் போனார்கள்; அந்த மீன்களுக்கு நனைந்தவர்கள் மத்தியானம் சாதப் பருக்கை போட்டார்கள். கல்யாணத் தரகர்கள் வாயில் புதிதாக ஒரு சொல் புகுந்தது: பையன் நல்ல காய்ச்சல், பொட்டு ஈரம் கிடையாது. பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்கப் போனால் பஜ்ஜி சாப்பிட்டு, காபி குடித்து, சிரித்துப் பேசி, விடைபெறும்போது வாசலில் கிடக்கிற ஷூவுக்குள் போகிற போக்கில் ஒரு விரலை விட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

என்ன படிப்பது என்கிற கேள்விக்கும் அந்த மாடி தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தது. காலையில் வந்ததும் காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து, பேச்சு கொடுக்கிற சாக்கில் மேசைக்கு அடியில் குனிந்து, யாருக்குத் தரை காய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். காய்ந்தவர் எதை எழுதுகிறாரோ அதைப் படிப்பார்கள். அப்போது மாடியிலேயே நன்றாகக் காய்ந்திருந்தவன் அபினேஷ், மார்த்தாண்டத்துப் பையன், முப்பது வயசு, கைபேசியில் ஓடுகிற செயலிகளை எழுதுகிறவன். அவன் பக்கத்தில் நாற்காலி போட இடமில்லாமல் போனது. கேள்வியும் பதிலும் சேர்த்து மனப்பாடம் செய்து பரீட்சை எழுதி, சான்றிதழை மேசையில் ஒட்டிக்கொண்டு, முப்பது பேர் ஒரே வாரத்தில் அவனுடைய மொழிக்கு மாறினார்கள். அவர்கள் மாறின மறுவாரம் முப்பது பேருக்கும் சேர்ந்தாற்போல் தண்ணீர் வந்தது, நடுவில் உட்கார்ந்திருந்த அபினேஷுக்கும் வந்தது. ஒரே இடத்தில் அத்தனை பேர் ஏறி நின்றால் எந்தத் தரைதான் தாங்கும்? அதைப் புரிந்துகொண்டு அடுத்த தடவை ஜாக்கிரதையாக இருந்தார்களா என்றால், அதுதான் இல்லை. அடுத்த காய்ந்த நாற்காலி எங்கே என்று தேடிப் போனார்கள்.

அந்த முப்பது பேரில் ஜெசிந்தாவும் ஒருத்தி. அடுத்துத் தேடிப் போனவர்களிலும் அவள் இருந்தாள். முதல் படிப்பில் ஒரு வாரம் காய்ந்தாள். இரண்டாவது படிப்பில் தவக்காலம் முடிகிறவரை காய்ந்தாள். ஈஸ்டருக்கு அடுத்த நாள் வந்து பார்த்தால் பழையபடி தண்ணீர், முன்னைவிட ஒரு சாண் கூட. காலை நாற்காலிக்கு மேலே மடக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யப் பழகினாள், முதுகு வலித்தது. வீட்டில் அவள் கணவர் பெர்னார்டு, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். "பூட்ஸ் எதுக்கு? தண்ணி அதுக்கு மேல போயிடும்ல" என்றாள் ஜெசிந்தா. "போறப்போ அதுக்கு மேல இருக்கிறதா வாங்குவோம்" என்றார் அவர். அந்த மனுஷனிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

அவளுடைய சொந்த மொழி பவர்பில்டர். அலுவலகங்களில் விவரங்களைப் பதிய, தேட, திருத்தத் திரைகள் செய்கிற கருவி அது. அவள் படித்து முடித்து வேலைக்கு வந்தபோதே அது கொஞ்சம் நரைத்திருந்தது. அவளாகத் தேர்ந்தெடுக்கவில்லை, வேலையில் சேர்ந்த அன்று அந்த வரிசையில்தான் நாற்காலி காலியாக இருந்தது. அதில் அவள் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டது, எங்கோ குளிர் தேசத்தில் பால் மாடு வளர்க்கிறவர்களுக்கு மாட்டுக்குக் காப்பீடு கொடுக்கும் ஒரு கம்பெனியின் புரோகிராம். அந்த மாடுகளில் ஒன்றைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் எந்த மாடு எந்த மாதம் கன்று போட்டது, எந்தப் பண்ணையில் கோமாரி வந்தது, எத்தனை மாடு மின்னல் விழுந்து செத்தது என்பதெல்லாம் அவளுக்கு அக்கம்பக்கத்துச் செய்தி மாதிரி. மின்னலுக்கு என்றே ஒரு தனித் திரை உண்டு. அந்தத் திரையைப் பற்றிப் பேச வந்த ஒரு கூட்டத்தில் ஒரு பண்ணைக்காரர் போனில் இணைந்து, எல்லாவற்றுக்கும் எண் கேட்கிறீர்கள், என் மாட்டுக்குப் பெயர் இருக்கிறதே, அதை எங்கே எழுதுவது என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். ஜெசிந்தா அன்று சாயங்காலமே 'மாட்டின் பெயர்' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்துவிட்டாள். அதிலிருந்து இழப்புப் பதிவு வந்து விழும்போதெல்லாம் மாட்டின் பெயரோடு விழுந்தது. அவளும் ஒரு நொடி கையை எடுத்துவிட்டு அந்தப் பெயரை வாசித்துவிட்டுத்தான் மேலே போவாள்.

புரட்டாசியில் தண்ணீர் அவள் முழங்காலைத் தாண்டியது. மேலாளர் தேவநாதன் அவள் மேசைக்கே வந்தார். நல்ல மனிதர், யாரையாவது அனுப்பவேண்டி வந்தால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டார்.

"இப்ப எவ்ளோ இருக்கு ஜெசிந்தா?"

"முட்டிக்கு மேல சார்."

"புது டீம்ல ஒரு சீட் இருக்கு. நாம சொன்னா அதுவே புரோகிராம் எழுதித் தருதே, அந்த மெஷினைப் பழக்குற டீம். மாடியிலயே பொட்டு ஈரம் இல்லாத இடம் அது ஒண்ணுதான். உங்களுக்காகப் பிடிச்சு வெச்சிருக்கேன். ஆயுத பூஜை முடிஞ்சதும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அப்ப மாட்டு சிஸ்டம்?"

"அதை விடுங்க. யாரும் தொட வேணாம். தானா ஒரு நாள் நின்னு போகும். அவங்க ரெடிமேடா ஏதாவது வாங்கிப்பாங்க."

"அதுக்குள்ள மாடுங்க இருக்கே சார்."

தேவநாதன் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் காலுறை ஈரமாகத்தான் இருந்தது, அது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. விடுமுறைக்கு முந்தின நாள் கம்பெனியில் கொண்டாடுவார்கள். வரிசைக்கு வரிசை அலங்காரப் போட்டி, வாழைக்கன்று, மாவிலை, காகிதத் தோரணம், பொரி, சுண்டல், நடுவில் பூசணிக்காய். ஒவ்வொரு கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே போவார்கள். தண்ணீர் வந்த பிறகு அதிலும் ஒரு வழக்கம் புகுந்திருந்தது: காய்ந்த கணினிகளுக்கு மட்டும்தான் பொட்டு. நனைந்ததற்குப் பொட்டு வைத்தால் ஈரம் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். இத்தனை படித்தவர்களா என்று கேட்கவேண்டாம், படித்தவர்கள்தான். அன்றைக்குத் தட்டு எடுத்து வந்தவள் நாகலதா, ஜெசிந்தாவின் பக்கத்து நாற்காலிக்காரி, ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டு வளர்ந்த சிநேகிதி. ஜெசிந்தாவின் மேசை வந்ததும் நாகலதாவின் கை நின்றது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தாள்.

"லதா, அந்தச் சந்தனத்தைக் கொண்டா."

"ஜெசி, வேணாம்டி. உனக்கு ஏற்கெனவே முட்டிக்கு மேல இருக்கு."

"இருக்கட்டும். இருபது வருஷம் எனக்குச் சோறு போட்டுச்சு. என் புள்ளையப் படிக்க வெச்சுச்சு. எங்க அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ராவும் பகலும் நான் பக்கத்துல உக்காந்து வேலை பாத்தேன், ஒரு நாளும் அது என்னைக் காட்டிக் கொடுத்ததில்ல. இப்ப வயசாயிடுச்சுன்னு அது நெத்தியக் காலியா விட்டா என் மனசு தாங்குமா?"

சொல்லிவிட்டு நாற்காலியில் மடக்கி வைத்திருந்த இரண்டு காலையும் கீழே இறக்கினாள். பூட்ஸ் இல்லை, வெறும் கால். அத்தனை மாதத்தில் அவள் அந்தத் தண்ணீருக்குள் எழுந்து நின்றதே இல்லை. நுனிவிரலால் தாவி ஏறுவதும் தாவி இறங்குவதும்தான். இப்போது கால் ஊன்றி நின்றதும் அடியில் தரை இருந்தது, உறுதியான, வழுக்காத, குளிர்ந்த தரை. மீன்கள் வந்து கணுக்காலைக் கொத்தின. அவள் குனிந்து, திரையில் மின்னல் பக்கத்தைத் திறந்து வைத்து, திரையின் மேல் விளிம்பில் சந்தனமும் அதன் மேல் குங்குமமும் இட்டு, தன் வழக்கப்படி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, "நன்றி" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள், சுற்றிலும் எல்லோருக்கும் கேட்டது. தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மாடி சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தூரத்து வரிசையிலிருந்து ஒருவர் பேண்ட்டை மடித்துக்கொண்டு வந்து நாகலதாவின் தட்டில் ஒரு விரல் சந்தனம் தொட்டு, தன் நனைந்த கணினிக்கு வைக்க எடுத்துப் போனார். அவர் பின்னாலேயே இன்னொருவர். அபினேஷ் வந்தான். தேவநாதன்கூட வந்து, எடுத்த சந்தனத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் விரலிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சந்தனம் போதாமல் போய், பக்கத்துக் கட்டடத்துக்காரர்களிடம் வாங்கி வந்தார்கள்.

விடுமுறை முடிந்து வந்ததும் ஜெசிந்தா மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், நான் அந்தச் சீட்டுக்கு வரல. அபினேஷ் எழுதுறதைத் திரும்பவும், இந்தத் தடவை மனப்பாடம் பண்ணாம, படிக்கப் போறேன்."

தேவநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவனுக்கே கணுக்கால் வரைக்கும் நிக்குதும்மா. ஊர்ல யாராவது நனைஞ்சதைப் போய்ப் படிப்பாங்களா?"

"எனக்கு எது காயும்னு பாத்து ரெண்டு தடவை படிச்சாச்சு சார். இந்தத் தடவை மாட்டு சிஸ்டத்துக்கு என்ன வேணும்னு பாத்தேன். பண்ணைக்காரங்க மாடு செத்தா வண்டி எடுத்துக்கிட்டு டவுனுக்கு வந்து ஒரு ஆபீஸ்ல உக்காந்து பதியறாங்க. மாட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டே கையில இருக்கிற போன்ல பதிஞ்சா நல்லா இருக்கும்ல? அதுக்கு அபினேஷோடதுதான் வேணும். ஒவ்வொரு திரையா நானே மாத்துறேன். அதைக் கரையேத்தி விட்டுட்டு அப்புறம் என் கதையைப் பாக்கறேன்."

"நீங்க மாத்த மாத்த, பழசுக்கு இருக்கிற கொஞ்ச உயிரும் போகும். உங்க தண்ணி எல்லாரையும் விட வேகமா ஏறும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

அவர் கையைப் பிசைந்தார், சன்னலைப் பார்த்தார், கடைசியில் சரி என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. காலை நேரத்தில் அபினேஷிடம் படித்தாள், மற்ற நேரம் மாற்றினாள். படிக்கும்போது பல இடத்தில் முழித்தாள். அபினேஷ் சலிக்காமல், "அக்கா, உங்க பழசுல இதுக்கு என்ன பண்ணுவீங்க, அதைச் சொல்லுங்க" என்று கேட்பான். அவள் சொல்ல, அவன், அட இங்கயும் அதேதான் அக்கா, பேர்தான் வேற என்பான். வேறாகவே இருக்கிற இடங்களும் நிறைய வந்தன, அங்கே இரண்டு பேரும் சேர்ந்து முழித்தார்கள். முதல் திரை மாறிய அன்று தண்ணீர் தொடைக்கு ஏறியது. கோமாரித் திரை மாறியபோது இடுப்புக்கு வந்துவிட்டது. இன்னும் பாதிகூட முடியவில்லை, மேசை விளிம்புக்கு நாலு விரல்தான் பாக்கி.

மறுநாள் காலையில் அவள் வரும்போது மேசைக்கால் நான்குக்கும் அடியில் ஒவ்வொரு செங்கல் இருந்தது. நாற்காலிக்கு அடியில் ஒரு மரப் பெட்டி. யார் வைத்தது என்று கேட்டதற்கு நாகலதா கடலை மென்றுகொண்டே, "எனக்கென்ன தெரியும்" என்றாள். அவள் கைப்பை அன்றைக்கு வழக்கத்தைவிடக் கனமாகத் தொங்கியது. அதற்கப்புறம் தண்ணீர் விளிம்பை நெருங்கும்போதெல்லாம் செங்கல் கூடியது. ஆளுக்கு ஒன்றாகச் சாப்பாட்டுக் கூடையிலும் மடிக்கணினிப் பையிலும் வைத்துக் கொண்டுவந்தார்கள். பெர்னார்டு பள்ளிக்கூட மைதானத்தில் சுவர் கட்ட வைத்திருந்ததில் கேட்டு வாங்கி இரண்டு இரண்டாகக் கொடுத்துவிட்டார். வாசலில் பைகளைச் சோதிக்கும் காவலாளி ஒரு நாள் ஒரு பையைத் திறந்து, இது என்ன சார் என்று கேட்டார். செங்கல் என்றார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார். பென் டிரைவ் கொண்டுவரக் கூடாதுன்னு எழுதியிருக்கு, செங்கலைப் பத்தி எதுவும் இல்ல என்று சொல்லி உள்ளே விட்டார்.

இப்படி மேசை உயர்ந்தது, பெட்டி மேல் பெட்டியாக நாற்காலியும் உயர்ந்தது, ஜெசிந்தா சோளக்கொல்லைப் பரணில் உட்கார்ந்தவள் மாதிரி மாடி முழுக்கத் தெரியும்படி உட்கார்ந்து வேலை செய்தாள். மேலே இருந்து பார்த்தால் எல்லோருடைய தண்ணீரும் தெரிந்தது. காய்ந்த சீட் என்று தேவநாதன் பிடித்து வைத்திருந்த அந்தப் புது டீமில்கூட நாற்காலிகளுக்கு அடியில் லேசாகப் பளபளப்பதைப் பார்த்தாள், யாரிடமும் சொல்லவில்லை. பயமாகத்தான் இருந்தது. கடைசிவரை போய்ச் சேருவோமா, நடுவில் விசைப்பலகை நனைந்துவிட்டால் பாதி மாடுகள் இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக நின்றுவிடுமே என்று பல நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதெல்லாம் கீழே குனிந்து செங்கல்களைப் பார்ப்பாள். ஒன்றில் யாரோ சாக்கட்டியால் 'பார்த்து, மெதுவா' என்று எழுதியிருந்தார்கள். இவர்களுக்கெல்லாம் நான் என்ன செய்தேன் என்று நினைத்துக்கொள்வாள், கண் கலங்கும், மறுபடி வேலையைப் பார்ப்பாள்.

மின்னல் திரையைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அது மாற வேண்டிய நாளில் அவள் தலை கூரைப் பலகையை இடித்தது. அதற்கு மேல் ஒரு செங்கல் வைக்க வழியில்லை. தண்ணீர் மேசை விளிம்புக்கு அடியில் ஒரு விரல் இடைவெளியில் நின்றது. யாரும் காபிக்குப் போகவில்லை. தேவநாதன் மீட்டிங்கை ஒத்திவைத்துவிட்டு வந்து நின்றார். நாகலதா கடைசியாகக் கொண்டுவந்த செங்கலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

புதிய திரையில் எல்லாம் வந்துவிட்டதா என்று ஜெசிந்தா ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். இழப்பு நடந்த நாள், பண்ணை, வயது, மாட்டின் பெயர். அபினேஷ் கீழே இருந்து அவனுடைய கைபேசியில் சோதித்துப் பார்த்து, "வந்துடுச்சு அக்கா, பேரு வந்துடுச்சு" என்றான். அப்போதே அந்தக் குளிர் தேசத்தில் ஏதோ ஒரு கொட்டகையில் நின்றுகொண்டு யாரோ ஒருவர் முதல் பதிவைப் போட்டார். ஜெசிந்தா அந்தப் பெயரை வாசித்தாள். பிறகு பழைய திரைக்கு வந்தாள். நிறுத்துகிற பொத்தானின் மேல் கையை வைத்துக்கொண்டு, ரயிலேற்றிவிட வந்தவளைப்போல, "சரி, போயிட்டு வா. நல்லா இருந்தோம்" என்று சொல்லி அழுத்தினாள்.

திரை கறுத்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி மேசை மேல் ஏறி, விசைப்பலகையை மூடி, அவள் மடி வரை வந்து, அவளை நாற்காலியோடு தூக்கியது. பெட்டிகள் அடியில் தங்கிவிட்டன, செங்கல்கள் தங்கிவிட்டன, நாற்காலி மட்டும் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, வரிசைகளுக்கு நடுவே இருக்கும் வழியில் மிதந்து போனது. ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். காபி இயந்திரத்தைத் தாண்டி, அச்சு இயந்திரத்தைத் தாண்டி, தேவநாதனின் கண்ணாடி அறையை ஒட்டித் திரும்பி, தூக்கிவந்த குழந்தையை இறக்கிவிடுகிற மாதிரி அபினேஷின் மேசைக்குப் பக்கத்தில் அவளை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் கம்பளத்துக்குள் இறங்கிப் போய்விட்டது. சுற்றி எல்லாம் காய்ந்திருந்தது. அவள் சேலையிலும் ஈரமில்லை. கன்னம் மட்டும் நனைந்திருந்தது, அது அவளுடையது.

முதலில் பேசியவர் தேவநாதன். "இந்த இடமே இருக்கட்டும் ஜெசிந்தா. உங்க பேரை இங்க மாத்தச் சொல்லிடறேன்." சொல்லிவிட்டு எல்லோருக்கும் முன்னால் ஷூவைக் கழற்றி, நனைந்த காலுறையைப் பிழிந்து, பக்கத்து நாற்காலியின் முதுகில் காயப்போட்டார். யாரும் சிரிக்கவில்லை. நாகலதா மட்டும் கையிலிருந்த செங்கலைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

கூட்டம் கலைந்தது. அபினேஷ் தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன வாரம் கணுக்கால், இப்போது அதற்கு மேலே நாலு விரல்.

"அக்கா, அடுத்து நான் என்ன படிக்கட்டும்?"

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியலயே தம்பி. நீங்க எழுதுறது யாருக்குப் போய்ச் சேருது, அவங்களுக்கு என்ன வேணும், முதல்ல அதைச் சொல்லுங்க. ரெண்டு பேருமா பாப்போம்."

நாற்காலியை அவனுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் அவன் தண்ணீருக்குள் வைத்தாள். நல்ல குளிர்ச்சியாக இருந்தது.